காற்றுக்கும் விலை உண்டு

ஆடி மாதத்துக் கடலின் சீற்றத்தைக் காண விரும்புவோர் உடப்புக் கரைக்கு வந்து நிற்க வேண்டும். தென்மேற்கிலிருந்து வீசும் காற்று மணலை அள்ளி முகத்தில் எறியும். கரைவலைகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அம்பாப் பாட்டு ஓய்ந்திருக்கும். தொழில் தேடிச் சிலர் கிழக்குக் கரைக்குப் போயிருப்பர். ஊரில் எஞ்சியிருப்போருக்கு அக்காலத்தில் இரண்டு அலுவல்கள் உண்டு. ஒன்று, திரௌபதை அம்மன் ஆலயத்துத் திருவிழாவும் தீமிதிப்பும். மற்றொன்று, கரையேற்றி வைத்த படகுகளைப் பழுது பார்த்து வர்ணம் பூசுவது.

படகின் அணியத்தில் பெயர் எழுதுவதற்குக் கைத்திறன் வேண்டும். அந்தத் திறன் வாய்த்த பிள்ளை ஒருவன் எமது வகுப்பில் படித்தவன். தந்தையார் கரைவலை இழுப்பவர். பங்குக் காசில் குடும்பம் நடத்துபவர். பையனோ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தான். சென்ற ஆண்டு ஆடியில், ஒரு மாலைப் பொழுதில், தாயாருடன் எமது வீட்டு விறாந்தைக்கு வந்தான்.

“சேர், ஏர் பிரஷ் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். எதை வாங்கினால் நல்லது?” என்றான்.

கொழும்பு - புத்தளம் வீதியில் ஓடும் தனியார் பஸ்கள் சிலவற்றின் பின்புறத்தில் மயிலும் சிங்கமும் தெய்வத் திருமுகமும் தீட்டியிருப்பதை வாசகர்கள் கண்டிருப்பர். கோடு தெரியாமல், ஒரு நிறம் மற்றொன்றில் புகைபோல் கரைந்து நிற்கும். அது தூரிகையின் வேலையன்று. ஏர் பிரஷ்ஷின் வேலை. இதனைக் ‘காற்றுத் தூரிகை’ என்று தமிழில் வழங்கலாம். படகுக்காரர் ஒருவர் அத்தகைய பஸ்ஸைக் கைபேசியில் படம் பிடித்து வந்து, “இதைப் போல் என் படகில் ஒரு மயில் தீட்டித் தருவாயா?” என்று பையனிடம் கேட்டிருக்கிறார். அன்று முதல் அவனுக்கு உறக்கமில்லை.

தாயார் மடியிலிருந்து ஒரு சிறு முடிச்சை எடுத்து எமக்குக் காட்டினார். சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம். “மாஸ்டர், இவனுக்கு ஆசை இருக்கிறது, எனக்குப் பயம் இருக்கிறது. போடுகிற காசு திரும்பி வருமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எம்மிடம் உடனே விடை இருக்கவில்லை. ஆயினும், எதை வாங்கக்கூடாது என்பதை அறிந்திருந்தோம். அந்த அறிவை நாம் விலை கொடுத்துப் பெற்றிருந்தோம்.

இரண்டாண்டுகளுக்கு முன் மாணவர் நாடகமொன்றுக்குத் திரைச்சீலை தீட்ட வேண்டியிருந்தது. நிலவொளி படர்ந்த வானம் வேண்டும் என்று ஆசைப்பட்டோம். ஆசை பெரிது, பை சிறிது. ஆகவே, தூரிகை, குழாய், கைக்கு அடக்கமான காற்றியந்திரம் யாவும் ஒரே பெட்டியில் மலிவாகக் கிடைப்பதைக் கண்டு மகிழ்ந்து வாங்கினோம். தூரிகையிலும் மிக நுண்ணிய 0.2 மில்லிமீற்றர் முனையுடையதையே தெரிந்தெடுத்தோம். நுண்ணியதே உயர்ந்தது என்று எண்ணினோம். சுவருக்குப் பூசும் வர்ணத்தை நீர் விட்டுக் கலக்கி, வடிகட்டாமல் ஊற்றினோம். முனை அடைத்துக்கொண்டது. குண்டூசியால் குத்தினோம், முனை பிளந்தது. உதிரி முனை எங்கும் கிடைக்கவில்லை. முனை பிளப்பதற்கு முன்பே, நாம் தீட்டிய பாதி நிலவின் மேல் குழாயிலிருந்து நீர்த்துளிகள் தெறித்து விழுந்திருந்தன. நாடகத்தன்று எமது வானத்தில் அழுது வடிந்த ஒரு நிலவே தோன்றியது. சபையோர் அதனைச் சோகரசத்துக்கு உரியதென்று எண்ணிக்கொண்டனர்.

அந்தப் பெட்டியை அலுமாரியிலிருந்து எடுத்து வந்து பையன் முன் வைத்தோம். “முதலில் இதைக் கழற்றிப் பார், தம்பி. கெட்டுப் போனதைக் கழற்றினால்தான் கருவியின் உள்ளம் விளங்கும்” என்றோம்.

அவன் கழற்றினான். உள்ளே இருப்பவை சிலவே: நீண்ட ஊசி ஒன்று, ஊசியின் கூர் வந்து அடைக்கும் சிறு முனை ஒன்று, காற்றைத் திறக்கும் அடைப்பு ஒன்று, விரலால் இயக்கும் விசை ஒன்று, இடையிடையே கசிவைத் தடுக்கும் வளையங்கள். கொசுமருந்து அடிக்கும் பழைய கைப்பம்பை நினைவுகூர்பவர்களுக்கு இதன் தத்துவம் விளங்கும். விரைந்து செல்லும் காற்று வர்ணத்தை இழுத்துச் சிதறடித்துப் பனிபோலாக்கி வெளியே அனுப்புகிறது. கைப்பம்பு சுவரை நனைக்கும். இதுவோ மயிலின் கண்ணைத் தீட்டும். இரண்டுக்குமுள்ள வேற்றுமை அந்த ஊசியின் கூர்மையிலும், அதை ஆளும் விரலிலும் இருக்கிறது.

பையன் சற்றுச் சோர்ந்திருந்ததைக் கண்டு அவனுக்கு ஒரு வரலாறு சொன்னோம். 1876இல் அமெரிக்கரான பிரான்சிஸ் ஸ்ரான்லி வர்ணம் தெளிக்கும் கருவியொன்றுக்கு உரிமம் பெற்றார். 1879இல் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த அப்னர் பீலர் என்பவர் இன்றைய காற்றுத் தூரிகைக்கு முன்னோடியான கருவியொன்றைச் செய்தார். தையல் இயந்திரத்து ஊசி, வளைத்த கரண்டி, பழைய திருப்புளி, மரத்துண்டு ஆகியவையே அவருக்கு மூலப்பொருள்கள். அதன் உரிமையை வாங்கிய லிபர்ட்டி வோக்கப் என்பவர் திருத்தங்கள் செய்து சந்தைக்குக் கொண்டு வந்தார். நிழற்படங்களுக்கு மெருகூட்டுவோர் நெடுங்காலம் அதனைக் கையாண்டனர். உலகின் முதற் காற்றுத் தூரிகைகளில் ஒன்று வீட்டில் கிடந்த பொருள்களால் ஆனது என்று கேட்டதும் தாயாரின் முகம் சற்றுத் தெளிந்தது. ஏழைக்கு எட்டாத கருவியென்று இதனைச் சொல்வதற்கில்லை. எண்ணிப் பார்த்து வாங்க வேண்டிய கருவியென்றே சொல்ல வேண்டும்.

பையன் கைபேசியில் ஜப்பானிய உயர்தரத் தூரிகை ஒன்றைக் காட்டினான். அதன் அழகு உண்மையே. ஆனால் முடிச்சிலிருந்த பணம் முழுவதும் அதற்கே போய்விடும். “காற்றுக்கு என்ன செய்வாய்?” என்றோம். கடற்கரையைக் காட்டிச் சிரித்தான். உடப்புக் கரையில் காற்றுக்குப் பஞ்சமில்லைதான். ஆயினும், தூரிகைக்கு வேண்டிய காற்று அடக்கமான காற்று. ஓர் அளவில் நின்று, விட்டு விட்டுத் துடிக்காமல், ஈரமின்றி வரவேண்டிய காற்று. அதற்கு விலை உண்டு. கருவியைவிட அதற்கே கூடுதல் விலை.

நாம் அமர்ந்து பணத்தை நான்கு பங்காக்கினோம். சந்தையில் விலைகள் நாளுக்கு நாள் மாறுவதால் தொகையைக் கூறாது பங்கையே கூறுகிறோம். ஒரு பங்கு தூரிகைக்கு. இரண்டு பங்கு காற்றுக்கு. மிகுதி ஒரு பங்கு முகமூடி, வர்ணம், தின்னர், உதிரி ஊசி ஆகியவற்றுக்கு.

தூரிகையைத் தெரிவதில் முதலாவது கேள்வி, விசை எத்தகையது என்பது. ஒருவகையில் விசையை அழுத்தினால் காற்று வரும்; வர்ணத்தின் அளவைப் பின்னாலுள்ள திருகினால் முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். மற்றொரு வகையில், விசையை அழுத்தினால் காற்றும் பின்னால் இழுத்தால் வர்ணமும் வரும். முன்னது விலை குறைவு, பழகவும் எளிது. பின்னது சில வாரங்கள் கையைப் படுத்தும். ஆனால் கோடு மெலிந்து தடித்து மீண்டும் மெலிவதை ஒரே வீச்சில் செய்விக்கும். மயில் தீட்ட விரும்புபவனுக்குப் பின்னதே வேண்டும். வெறும் அடிநிறம் பூசுபவருக்கு முன்னது போதும்.

இரண்டாவது கேள்வி, வர்ணக் கிண்ணம் எங்கே இருப்பது என்பது. மேலே கிண்ணமிருந்தால் வர்ணம் தானே இறங்கும். குறைந்த அழுத்தம் போதும். சில துளிகளைக்கூட வீணாக்காமல் தீட்டலாம். கீழே போத்தல் தொங்கும் வகை பெரிய பரப்புகளுக்கு உதவும். ஆனால் அதற்குக் காற்றும் வர்ணமும் கூடுதலாகச் செலவாகும். சிறிய கைக்கு மேற்கிண்ணமே சிக்கனம்.

மூன்றாவது, முனையின் அளவு. 0.2 மில்லிமீற்றர் எம்மை அழவைத்தது. 0.5 பெரிய பரப்புக்கும் தடித்த வர்ணத்துக்கும் ஏற்றது. தொடங்குபவனுக்கு 0.3 நடுநிலையானது, மெல்லிய கோடும் வரும், எளிதில் அடைக்கவும் மாட்டாது.

நான்காவது கேள்வியைப் பலர் கேட்பதேயில்லை. உள்ளிருக்கும் வளையங்கள் எதனால் ஆனவை? பையன் பயன்படுத்துவது படகுக்குப் பூசும் எனாமல் வர்ணம்; அதைக் கரைப்பது தின்னர். சாதாரண ரப்பர் வளையங்கள் சில தின்னர் வகைகள் பட்டதும் ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும். தின்னரைத் தாங்கும் ரெப்ளோன் வளையங்கள் உள்ளனவா என்று கேட்டறிய வேண்டும். அதனோடு, ஊசியும் முனையும் தனியே கிடைக்குமா என்பதையும் கேட்க வேண்டும். ஜப்பானின் இவாட்டா, அமெரிக்காவின் பாட்ஜர், ஜேர்மனியின் ஹார்டர் அன்ட் ஸ்டீன்பெக் போன்ற பெயர்பெற்ற தயாரிப்புகளுக்கு உதிரிகள் தனியே விற்கப்படுகின்றன. விலை குறைந்தவற்றிலும் உதிரி கிடைப்பவை உண்டு, கிடைக்காதவையும் உண்டு. உதிரி கிடைக்காத கருவி மலிவாயினும் அதன் ஆயுள் ஒரு குண்டூசிக் குத்தோடு முடிந்துவிடும்.

இனிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூரிகைக்குப் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 30 இறாத்தல் வரையிலான அழுத்தம் போதும். அடைத்து விற்கப்படும் காற்றுக் குப்பிகள் தொடக்கத்தில் மலிவாகத் தோன்றும். பயன்படுத்தும்போதே குளிர்ந்து அழுத்தம் தளரும். சில நாட்களில் தீர்ந்துபோகும். காரின் உதிரிச் சக்கரத்திலிருந்து காற்றெடுத்துப் பழகியவர்களும் உண்டு. அழுத்தம் இறங்க இறங்க மீண்டும் நிரப்ப வேண்டியிருக்கும். கொள்கலம் இல்லாத சிறு கொம்பிரஷர்களில் காற்று துடித்துத் துடித்து வரும். அத்துடிப்பு கோட்டிலும் தெரியும். சிறியதாயினும் ஒரு கொள்கலமும், அழுத்தத்தை அளந்து நிறுத்தும் திருகும், ஈரத்தைப் பிடிக்கும் கிண்ணமும் கொண்ட கொம்பிரஷரே நன்று.

ஈரம் பிடிக்கும் கிண்ணத்தை ஆடம்பரம் என்று பையன் எண்ணினான். “அம்மாவிடம் கேள்” என்றோம். உப்புச் சாடி இரவில் ஏன் கசிகிறது என்று தாயாரிடம் வினவினோம். “கடற்காற்றில் தண்ணீர் இருக்கிறதே, மாஸ்டர்” என்றார். அதுவே விடை. காற்றை நெருக்கி அடைக்கும்போது அதிலுள்ள நீராவியும் சேர்ந்து நெருங்குகிறது. அடைக்கப்பட்டுச் சூடேறிய காற்று குழாயில் ஆறும்போது, குளிர்ந்த சோடாப் போத்தலின் மேல் துளிர்ப்பதைப் போல, உள்ளேயே நீர் துளிர்க்கிறது. பின்னர் அது வர்ணத்தோடு தெறிக்கிறது. எமது நிலவை அழவைத்தது இந்த நீரே. புத்தளத்துக் கரையில் வாழ்பவர் இக்கிண்ணமின்றி இத்தொழிலில் இறங்கலாகாது.

புறக்கோட்டைக்கு நாமும் உடன் சென்றோம். கொம்பிரஷர் கிடைத்தது, 0.3 முனையுள்ள தூரிகை கிடைத்தது. உதிரி முனை இரண்டும் கிடைத்தன. முகமூடி வாங்கும் வேளை வந்தபோது பையன் தயங்கினான். “கைக்குட்டை கட்டிக்கொள்கிறேன், சேர். அடுத்த மாதம் வாங்கலாம்” என்றான். கைக்குட்டை தூசியைக்கூட நன்றாகத் தடுக்காது. தின்னரின் ஆவியோ அதனைக் காணாததுபோல் கடந்து செல்லும். உயிர்ப்புக் கரி அடைத்த வடிகலங்கள் கொண்ட முகமூடியே அதற்கு வேண்டும். அவ்வடிகலங்களையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். வாகனங்களுக்கும் படகுகளுக்கும் பூசும் இருகலவை வர்ணங்கள் பலவற்றில் ஐசோசயனேற்று உண்டு. அது நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவைத் தோற்றுவிக்க வல்லது. இந்த முகமூடியை மட்டும் நம்பி அவ்வர்ணத்தை அடிப்பது தகாது. இவற்றையெல்லாம் நாம் விளக்கிக்கொண்டிருக்க, பையன் தாயாரைக் கைபேசியில் அழைத்தான். மறுமுனையிலிருந்து வந்த விடை எமது விளக்கத்தைவிடச் சுருக்கமானது: “முதலில் அதை வாங்கு. மற்றதெல்லாம் பிறகு.”

ஒரு மாத காலம் அவன் படகின் பக்கம் போகவில்லை. பழைய செய்தித்தாளின் மேல் புள்ளி வைத்தான், புள்ளியைக் கோடாக்கினான், கோட்டை நிழலாக்கினான். வர்ணத்தைப் பாலின் பதத்துக்குக் கரைத்து, மெல்லிய நைலோன் துணியில் வடித்தெடுத்தான். ஒவ்வொரு நிறம் மாற்றும்போதும் தூரிகையைக் கழுவினான். ஊசியின் கூர் வளையாதபடி கைக்குழந்தையைப்போல் கையாண்டான். மாலையில் கொள்கலத்தின் அடித்திருகைத் திறந்தபோது ஒரு தேக்கரண்டியளவு நீர் மணலில் கொட்டியது. “காற்றிலிருந்தா இவ்வளவும்?” என்று தாயார் வியந்தார். அடுப்புள்ள இடத்துக்கு அண்மையில் தின்னரைத் திறக்கலாகாது என்று நாம் கூறியதை மட்டும் அவர் மந்திரம்போல் காத்தார். சமையல் முடிந்து தணல் ஆறிய பின்னரே மகனைத் தொழிலில் அமர விடுவார்.

படகில் தீட்ட வேண்டிய நாள் வந்தது. காற்று எழுவதற்கு முன், விடியற்காலையில், இரு பக்கமும் கிடுகுத் தட்டி மறைத்துத் தொடங்கினான். பைபர் கிளாஸ் பரப்பைக் கடதாசியால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்திருந்தான். அவ்வாறு செய்யாவிடில் வர்ணம் ஒட்டாது, உரிந்துவிடும். மயிலை முழுவதும் தூரிகைக் காற்றால் தீட்டுவான் என்று எதிர்பார்த்தோம். அவனோ பெயரையும் கண்ணையும் கழுத்துக் கோட்டையும் பழைய மயிர்த் தூரிகையாலேயே எழுதினான். தோகையின் நிழலையும், நீலம் பச்சையில் கரையும் இடங்களையும் மட்டுமே புதிய கருவிக்கு ஒப்படைத்தான். “எனக்கு வராததை இன்னும் இதனிடம் கேட்கக் கூடாது, சேர்” என்றான். எமது நான்கு கேள்விகளிலும் அடங்காத அறிவு அது. இறுதியில் வெயிலும் உப்பும் தின்னாதபடி மேலே தெளிவான வார்னிஷ் பூசினான்.

ஐப்பசியில் கடல் அடங்கியபோது அந்தப் படகு இறங்கியது. மயிலைக் கண்டு மேலும் இருவர் கேட்டு வந்தனர். ஒருவர் பணமாகத் தந்தார். மற்றவர் பாதியைப் பணமாகவும் மீதியை மீனாகவும் தந்தார். மார்கழியில் தாயாரைக் கோயிலில் சந்தித்தபோது அவர் முதற்கண் சொன்ன வார்த்தை, “பாதி வந்துவிட்டது, மாஸ்டர்” என்பது. மீதியும் வரும் என்று நாம் உறுதி கூறவில்லை. அவரும் கேட்கவில்லை. சீட்டின் கடைசித் தவணை வரை கணக்கை மனத்தில் வைத்திருப்பவரிடம் உறுதிமொழி கூறுவது மரியாதையும் அன்று.

சிறு முதலோடு ஒரு கருவியை வாங்கப் போகும் இளைஞர் பலருக்கு மினுங்குவதன் மேலேயே கண் போகிறது. மினுங்காதவற்றுக்கும் பங்கு வைக்க வேண்டும். காற்றுக்கு வேண்டும், உதிரிக்கு வேண்டும், தன் மூச்சுக்கு வேண்டும். அவற்றை ஒதுக்கிய பின் மிகுதியிருப்பதற்குள் கிடைக்கும் கருவியே தனக்கு உரிய கருவி. அது முதலாவது கருவியே ஆதலால், கடைசிக் கருவியாக இருக்க வேண்டியதில்லை.

இவ்வாண்டும் மாணவர் நாடகம் உண்டு. இம்முறையும் நிலவு வேண்டும். பையனை அழைத்துக் கேட்டோம். “தின்னர் செலவை மட்டும் தாருங்கள், சேர். உங்களிடம் கூலி வாங்குவதா?” என்றான். தாயார் அன்று விறாந்தையில் கேட்ட கேள்வி எமது செவியில் ஒலித்தது. அந்தக் கேள்வியில் எமக்கும் பங்குண்டு அன்றோ? படகுக்காரர் கொடுத்த கூலியை விசாரித்தறிந்து, அதே தொகையைக் கடதாசி உறையிலிட்டுத் தாயாரின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தோம்.